மெக்கானோ பெருங்கப்பல் மாதிரி

மெக்கானோ பெருங்கப்பல் மாதிரி என்பது துளையிட்ட உலோகப் பட்டைகள், தகடுகள், பற்சக்கரங்கள், அச்சுத்தண்டுகள் ஆகியவற்றைப் போல்ட்டும் நட்டும் கொண்டு பூட்டி, வரலாற்றுப் புகழ் பெற்ற பயணிகள் கப்பல் ஒன்றை அளவு குறைத்துக் கட்டும் இயங்கு மாதிரியாகும். மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்யப்படும் காட்சி மாதிரிகள் கப்பலின் வெளித்தோற்றத்தை மட்டுமே காட்டுகின்றன. உலோக இயங்கு மாதிரியில் உந்துவிசிறி சுழலும், சுக்கான் திரும்பும், நங்கூரம் இறங்கும், இயந்திர அறையில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். வளைவுகள் நிறைந்த கப்பலை நேர்ப்பட்டைகளால் கட்டுவது இக்கலையின் முதன்மைச் சிக்கல். கப்பலின் உள்ளே மறைந்திருக்கும் பொறியியலை வெளியே காட்டுவது இதன் முதன்மைப் பயன். இவ்வகை மாதிரிக்குப் பொருத்தமான கப்பல்களுள் ஒன்றான டைட்டானிக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு கட்டும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

பின்னணி

மெக்கானோவை உருவாக்கியவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி (1863–1936). இறைச்சி இறக்குமதி நிறுவனம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்த அவர், தம் மகன்களுக்காகத் தகட்டை வெட்டித் துளையிட்டு விளையாட்டுப் பாலங்களையும் பாரந்தூக்கிகளையும் செய்தார். ஒரே அளவில் துளையிட்ட பட்டைகளைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டலாம் என்ற இந்த எண்ணத்துக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். ‘மெக்கானிக்ஸ் மேட் ஈஸி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இந்தப் பெட்டிகள் 1907இல் மெக்கானோ என்ற பெயரைப் பெற்றன. 1914இல் லிவர்பூலின் பின்ஸ் ரோடு பகுதியில் பெரிய தொழிற்சாலை அமைந்தது. 1916 முதல் ‘மெக்கானோ மேகசின்’ என்ற இதழும் வெளிவந்தது.

கப்பலுக்கும் மெக்கானோவுக்கும் உள்ள உறவு அந்த நகரத்திலேயே தொடங்குகிறது. கியூனார்டு, ஒயிட் ஸ்டார் ஆகிய இரு பெரும் பயணிகள் கப்பல் நிறுவனங்களும் லிவர்பூலோடு பிணைந்தவை. டைட்டானிக் பெல்பாஸ்டில் கட்டப்பட்டபோதும் அதன் பின்புறத்தில் பதிவுத் துறைமுகமாக லிவர்பூல் என்றே எழுதப்பட்டிருந்தது. பின்ஸ் ரோடு தொழிற்சாலை தயாரித்த டிங்கி பொம்மைகளில் 1934இல் 534ஆம் எண் கப்பல் ஒன்று இடம்பெற்றது. கட்டுமானத்தில் இருந்த குயின் மேரி கப்பலே அது. டிங்கி கப்பல்கள் அச்சில் வார்க்கப்பட்ட சிறு பொம்மைகள். அவற்றில் இயங்கும் உறுப்பு எதுவும் இல்லை. மெக்கானோவின் மிகப் பெரிய பெட்டியான 10ஆம் எண் பெட்டிக்கான மாதிரித் தாள்களில் சரக்குக் கப்பல் ஒன்று இருந்தது. ஆனால் அட்லாண்டிக் பயணிகள் கப்பல்களைப் பெரிய அளவில் கட்டியவர்கள் பெரும்பாலும் பெட்டியையும் கையேட்டையும் தாண்டி, கப்பலின் வரைபடத்திலிருந்தே மாதிரியை வடிவமைத்த ஆர்வலர்கள்தாம்.

உறுப்புகளும் அளவு ஒழுங்கும்

மெக்கானோவின் அடிப்படை அரை அங்குலம். பட்டையின் அகலம் அரை அங்குலம். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. துளையின் விட்டம் சுமார் 4.1 மி.மீ. அதில் நுழையும் அச்சுத்தண்டின் விட்டம் அதற்குச் சற்றே குறைவு. 12½ அங்குலப் பட்டையில் 25 துளைகளும், 24½ அங்குலக் கோணச்சட்டத்தில் 49 துளைகளும் இருக்கும். கோணச்சட்டம் என்பது நீளவாக்கில் செங்கோணமாக மடிக்கப்பட்ட துளைப்பட்டை. வளையாத வலிமையை மாதிரிக்குத் தருவது இதுவே.

பற்சக்கரங்கள் பித்தளையால் ஆனவை. 19 பற்கள் கொண்ட சிறு சக்கரத்தை 57 பற்கள் கொண்ட சக்கரத்தோடு கோத்தால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 25 பற்களும் 50 பற்களும் இணைந்தால் வேகம் பாதியாகும். 38 பற்கள் கொண்ட இரு சக்கரங்கள் வேகத்தை மாற்றாமல் சுழற்சித் திசையை மட்டும் திருப்பும். இந்த இணைகள் எல்லாவற்றிலும் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் ஓர் அங்குலம், அதாவது இரண்டு துளை. ஆகவே சட்டத்தை மாற்றாமலே வேக விகிதத்தை மாற்ற முடிகிறது. இவற்றோடு புரிச்சக்கரம், சாய்பற்சக்கரம், சங்கிலி, சங்கிலிச் சக்கரம், பற்பட்டை, தடுப்புப்பல் சக்கரம் ஆகியவையும் கிடைக்கின்றன.

கப்பலின் தோலுக்குப் பயன்படுவது வளைதகடு. கையாலேயே வளைக்கக்கூடிய மெல்லிய எஃகுத் தகடு இது. விளிம்புகளில் துளைகள் இருக்கும். தட்டைத் தகடுகள் தளங்களுக்கும் தடுப்புச்சுவர்களுக்கும் பயன்படும்.

கப்பலைத் தேர்தல்

எல்லாப் பெருங்கப்பல்களும் இயங்கு மாதிரிக்கு ஒரே அளவு பொருந்துவதில்லை. 1907இல் முதற்பயணம் சென்ற மௌரிடானியா, அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடந்த கப்பல் என்ற பெருமையை 1909 முதல் 1929 வரை தக்க வைத்திருந்தது. ஆனால் அதன் நான்கு உந்துவிசிறிகளையும் சுழற்றியவை பார்சன்ஸ் நீராவி டர்பைன்கள். டர்பைனின் இயக்கம் முழுவதும் மூடிய உறைக்குள் நடப்பதால், மாதிரியில் காட்டக் கிடைப்பது சுழலும் தண்டு மட்டுமே.

ஒலிம்பிக், டைட்டானிக், பிரிட்டானிக் ஆகிய மூன்று ஒயிட் ஸ்டார் கப்பல்களும் இதில் வேறுபட்டவை. பெல்பாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் உல்ப் கட்டுமானத் தளம் இவற்றில் இரு வகை இயந்திரங்களை ஒன்றாகப் பொருத்தியது. இரு பக்க உந்துவிசிறிகளையும் நான்கு சிலிண்டர் கொண்ட மும்மடி விரிவு நீராவி இயந்திரங்கள் சுழற்றின. அவை வெளியேற்றிய நீராவியைக் கொண்டு ஒரு டர்பைன் நடு விசிறியைச் சுழற்றியது. பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க், வால்வு என்று கண்ணுக்குத் தெரியும் இயக்கங்கள் நிறைந்த இந்த அமைப்பு மெக்கானோவுக்கு நன்கு பொருந்துகிறது.

தகவல்களும் இவற்றுக்கு ஏராளம். ‘தி ஷிப்பில்டர்’ என்ற இதழ் 1911இல் ஒலிம்பிக், டைட்டானிக் கப்பல்களுக்கென்று வரைபடங்களுடன் சிறப்பிதழ் வெளியிட்டது. கட்டுமானத் தளத்தின் ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் வெல்ச் எடுத்த படங்கள் வட அயர்லாந்து அருங்காட்சியகங்களில் உள்ளன. மூன்று கப்பல்களும் பெரும்பாலும் ஒத்திருந்தாலும் முழுக்க ஒன்றல்ல. உலாத்தளத்தின் முன்பாதி டைட்டானிக்கில் கண்ணாடிச் சாளரங்களால் அடைக்கப்பட்டிருந்தது. ஒலிம்பிக்கில் அது திறந்தே இருந்தது. எனவே ஒரு கப்பலின் படத்தைப் பார்த்து மற்றொன்றைக் கட்டுவது பிழைக்கு வழி வகுக்கும். டைட்டானிக்கின் நடு விசிறிக்கு இறக்கைகள் மூன்றா நான்கா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

அளவு விகிதம்

டைட்டானிக்கின் நீளம் 882 அடி 9 அங்குலம் (269.1 மீட்டர்). அகலம் 92 அடி 6 அங்குலம் (28.2 மீட்டர்). அடிப்பகுதியிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை உயரம் 175 அடி. அளவு விகிதத்தைத் தேர்வதில் கட்டுநருக்கு முழுச் சுதந்திரம் இல்லை. துளை இடைவெளி அரை அங்குலமாக நிலைத்திருப்பதால், அந்த அரை அங்குலம் கப்பலில் எத்தனை அடியைக் குறிக்கும் என்பதிலிருந்தே கணக்கு தொடங்க வேண்டும்.

1:144 விகிதத்தில் ஒரு துளை இடைவெளி 6 அடிக்குச் சமம். மாதிரியின் நீளம் சுமார் 1.87 மீட்டர், அகலம் 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. மேசை மேல் வைக்க ஏற்றது. ஆனால் உள்ளே இயந்திரத்துக்கு இடம் போதாது. 1:48 விகிதத்தில் ஒரு துளை 2 அடியைக் குறிக்கும். நுணுக்கம் கூடும், நீளமோ 5.6 மீட்டரை எட்டும். இவற்றுக்கு இடைப்பட்ட 1:96 விகிதம் பல வகையில் வசதியானது. ஒரு துளைக்கு 4 அடி, இரண்டு துளைக்கு 8 அடி. நீளம் சுமார் 2.8 மீட்டர், அகலம் 29 செ.மீ. இந்த விகிதத்தில் 4.1 மி.மீ. துளை கப்பலில் ஏறத்தாழ 39 செ.மீ. விட்டத்தைக் குறிப்பதால், பக்கச்சுவர்ப் பட்டைகளின் துளைகளே கப்பலின் வட்டச் சாளரங்களாகி விடுகின்றன.

தளங்களின் உயரத்தில் மட்டும் ஒரு சிறு சிக்கல் எழும். டைட்டானிக்கின் பல தளங்களுக்கு இடையே உயரம் ஏறத்தாழ 9 அடி. இரண்டு துளையோ 8 அடியைத்தான் தரும். தளத்துக்கு ஓரடி வீதம் குறைந்துகொண்டே போனால் கப்பல் குள்ளமாகத் தோன்றும். நான்கு தளத்துக்கு ஒரு முறை ஒரு துளையைக் கூட்டினால் மொத்த உயரம் சரியாகி விடும். ஒவ்வொரு தளமும் சற்றுப் பிழையாக இருந்தாலும் முழு உருவம் பிழையின்றி அமைய வேண்டும் என்பது இவ்வகை மாதிரிகளில் பொது விதி.

இயந்திரத்தின் அளவைக் கொண்டும் விகிதத்தை முடிவு செய்யலாம். டைட்டானிக்கின் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் வீச்சு 75 அங்குலம். மெக்கானோவில் எளிதாக அமையும் கிராங்கின் ஆரம் அரை அங்குலம். அது தரும் வீச்சு ஓர் அங்குலம். ஆகவே 1:75 விகிதத்தில் பிஸ்டன் வீச்சு மிகச் சரியாகப் பொருந்துகிறது. தாழ் அழுத்தச் சிலிண்டரின் விட்டமான 97 அங்குலம் இந்த விகிதத்தில் 1.29 அங்குலமாகும், 1¼ அங்குல விட்டமுள்ள மெக்கானோ உருளை அதற்கு ஏறத்தாழ ஒத்து வரும். ஆனால் முழுக் கப்பலின் நீளம் 3.6 மீட்டராகி விடும். உடற்கூட்டை 1:96 விகிதத்தில் எளிமையான இயந்திரத்தோடு கட்டி, ஓர் இயந்திரத்தை மட்டும் 1:25 விகிதத்தில் 3 அங்குல வீச்சுடன் தனியே கட்டிப் பக்கத்தில் வைப்பது இதற்கு ஒரு மாற்று வழி.

உடற்கூடு

கட்டுமானம் அடிமரமான ஏராவிலிருந்து தொடங்குகிறது. மாதிரியின் நீளம் முழுவதும் ஓடும் இரு கோணச்சட்டங்களை இணையாக வைத்து, மேலும் கீழும் பட்டைகளால் மூடினால் பெட்டி வடிவ உத்திரம் கிடைக்கும். 1:96 மாதிரிக்கு 24½ அங்குலச் சட்டங்கள் நான்கரை நீளம் தேவை. ஒட்டு விழும் இடங்கள் இரு பக்கமும் ஒரே வரிசையில் வராமல் மாற்றி மாற்றி அமைய வேண்டும். இல்லாவிட்டால் மாதிரி தன் எடையாலேயே நடுவில் தொய்யும்.

ஏராவின் மேல் விலாச்சட்டங்கள் நிற்கும். டைட்டானிக்கின் உடலை 15 குறுக்குத் தடுப்புச்சுவர்கள் 16 அறைகளாகப் பிரித்தன. இந்தச் சுவர்கள் நின்ற இடங்களிலேயே மாதிரியின் முதன்மை விலாச்சட்டங்களை நிறுத்துவது நல்ல முறை. கப்பலின் நீளத்தைச் சமமாகப் பிரித்தால் ஓர் அறைக்குச் சுமார் 55 அடி, அதாவது 1:96 விகிதத்தில் ஏறத்தாழ 14 துளை. மாதிரி வலுவாக நிற்பதோடு, கப்பலின் நீர்புகா அறை அமைப்பும் அதில் விளங்கும். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறை மோதியபின் முன்பக்க அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, நீர் தடுப்புச்சுவர்களின் உச்சியைத் தாண்டி அடுத்த அறைகளுக்குள் வழிந்தது எப்படி என்பதை இத்தகைய மாதிரியைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

கப்பலின் நடுப்பகுதி கடினமானதல்ல. அங்கே பக்கச்சுவர் நேராக நிற்கிறது, அடிப்பகுதி தட்டையாக இருக்கிறது. இரண்டும் சேரும் மூலையில் மட்டும் வளைதகடு தேவைப்படும். முன்முனையும் ஓரளவு எளிது. டைட்டானிக்கின் முன்விளிம்பு ஏறத்தாழச் செங்குத்தானது. பக்கப் பட்டைகளை மெல்ல உள்வாங்கி ஒரு நேர்ச்சட்டத்தில் சேர்த்தால் போதும். மெல்லிய நீள்பட்டைகள் தம் இயல்பான நெகிழ்ச்சியிலேயே வளைந்து கப்பலின் கோட்டைத் தந்து விடும். அவற்றைக் குறட்டால் மடிப்பது தவிர்க்கப்படுகிறது.

உண்மையான சோதனை பின்முனையில் இருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே பின்புறம் வெளியே நீண்டு வட்டமாக முடிகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே உடல் ஒடுங்கி உந்துவிசிறிகளுக்கு இடம் விடுகிறது. பக்கத் தண்டுகள் வெளியேறும் இடத்தில் உடலே புடைத்து அவற்றைப் பொதிந்திருக்கிறது. இரு திசையில் வளையும் பரப்பை ஒரே திசையில் வளையும் தகட்டால் மூட முடியாது. எனவே சிறு தகடுகளையும் குறும்பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி அடுக்க வேண்டும். சில கட்டுநர்கள் இப்பகுதியில் தகடே இடாமல் விலாச்சட்டங்களையும் நீள்பட்டைகளையும் மட்டும் விடுகின்றனர். வடிவமும் தெரியும், உள்ளே தண்டுகள் சுழல்வதும் தெரியும் என்பது இதன் நன்மை.

தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது உண்மைக் கப்பலுக்கு மாறானதல்ல. டைட்டானிக்கின் உடலும் ஒன்றன் விளிம்பில் மற்றொன்று ஏறிய எஃகுத் தகடுகளால் ஆனது. அவற்றைப் பிணைத்தவை சுமார் 30 லட்சம் தறையாணிகள். மாதிரியில் போல்ட்டின் தலைகள் அந்த ஆணிகளின் இடத்தில் நிற்கின்றன. தலைகள் எல்லாம் வெளிப்பக்கமும் நட்டுகள் உட்பக்கமும் இருக்கும்படி பூட்டுவது வழக்கம்.

துளைகள் நிறைந்த இம்மாதிரி நீரில் மிதக்காது. தாங்கிகளின் மேல் வைத்தே காட்டப்படும். டைட்டானிக் இடம்பெயர்த்த நீரின் எடை 52,310 டன். 1:96 விகிதத்தில் கன அளவு ஏறத்தாழ 8.85 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதால், அதே நீர்மட்டத்தில் மிதக்கும் மாதிரியின் எடை சுமார் 60 கிலோ இருக்க வேண்டும். மேசையையும் தாங்கிகளையும் திட்டமிடும்போது இந்த எண் ஒரு நல்ல வழிகாட்டி.

மேற்கட்டுமானமும் புகைபோக்கிகளும்

உடற்கூட்டுக்கு மேலுள்ள தளங்கள் நேர்கோடுகளால் ஆனவை என்பதால் மெக்கானோவுக்கு இயல்பாகவே பொருந்தும். உலாத்தளங்களின் தூண் வரிசையைக் குறும்பட்டைகளும், கைப்பிடிக் கம்பிகளை மெல்லிய தண்டுகளும் தரும். தளத்தின் முன்னும் பின்னும் மெதுவாக மேலெழும் வளைவை மறந்து விட்டால் கப்பல் மிதவைப் படகு போலத் தோன்றும். விலாச்சட்டங்களின் உயரத்தை இரு முனைகளிலும் சிறிது சிறிதாகக் கூட்டி, மேல்விளிம்புப் பட்டையை அவற்றின் மேல் நெகிழவிட்டால் அந்த வளைவு கிடைக்கும்.

டைட்டானிக்கின் நான்கு புகைபோக்கிகளும் வட்டமானவை அல்ல. நீளவாக்கில் சுமார் 24½ அடியும் குறுக்கே 19 அடியும் கொண்ட நீள்வட்ட வடிவம் அவற்றுக்கு. அவை பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்தும் நின்றன. வளைதகடுகளை இரு நீள்வட்டச் சட்டங்களைச் சுற்றி உருட்டினால் இந்த வடிவம் அமையும். நான்கும் ஒரே கோணத்தில் சாய்வது மிக முக்கியம். ஒன்று பிசகினாலும் தூரத்திலிருந்தே தெரியும். முதல் மூன்று புகைபோக்கிகள்தாம் கொதிகலன் புகையை வெளியேற்றின. நான்காவது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கே பயன்பட்டது. எனவே மாதிரியின் மோட்டார்க் கம்பிகளையும் கட்டுப்பாட்டுத் தண்டுகளையும் நான்காம் புகைபோக்கியின் அடியில் மறைப்பது வழக்கமான தந்திரம்.

இயந்திரத் தொகுதி

டைட்டானிக்கில் 29 கொதிகலன்கள், அவற்றில் 159 உலைகள். அவை சதுர அங்குலத்துக்கு 215 பவுண்டு அழுத்தத்தில் நீராவி தரக்கூடியவை. நீராவி முதலில் 54 அங்குல விட்டமுள்ள உயர் அழுத்தச் சிலிண்டருக்குள் புகும். அங்கிருந்து 84 அங்குல இடை அழுத்தச் சிலிண்டருக்கும், பின்னர் 97 அங்குல விட்டமுள்ள இரு தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்கும் செல்லும். விரியும் நீராவிக்கு மேன்மேலும் பெரிய இடம் வேண்டும் என்பதே விட்டங்கள் கூடுவதற்குக் காரணம். கடைசி நிலைக்கு ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு வைக்கப்பட்டன. அவற்றிலிருந்து வெளிவரும் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கும் குறைவு. இருந்தும் டர்பைன் அதிலிருந்து இன்னும் ஆற்றலைப் பிழிந்தெடுத்தது. ஒவ்வொரு பிஸ்டன் இயந்திரமும் நிமிடத்துக்கு 75 சுற்றில் 15,000 குதிரைத்திறனும், டர்பைன் 165 சுற்றில் 16,000 குதிரைத்திறனும் தரும்படி வடிவமைக்கப்பட்டிருந்தன.

மாதிரியில் நீராவி இல்லை. ஆற்றல் எதிர்த்திசையில் பாயும். மின்மோட்டார் தண்டைச் சுழற்ற, தண்டு கிராங்கைச் சுழற்ற, கிராங்க் பிஸ்டனை ஏற்றி இறக்கும். பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. நான்கு கிராங்குகளும் சம கோணங்களில் நிற்பதில்லை என்பது கவனிக்க வேண்டிய நுணுக்கம். பெரிய இயந்திரங்களின் அதிர்வைக் குறைக்க யாரோ–ஷ்லிக்–ட்வீடி சமன்முறைப்படி கோணங்கள் கணக்கிட்டு மாற்றப்பட்டன. மெக்கானோவில் கிராங்கைத் தண்டோடு பிணைப்பது ஒரு சிறு திருகுதான் என்பதால், எந்தக் கோணத்திலும் அதை நிறுத்தலாம்.

வால்வுகளை இயக்குவது ஸ்டீபன்சன் இணைப்பு அமைப்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னோக்கி ஓட ஒன்றும் பின்னோக்கி ஓட ஒன்றுமாக இரு விலகுமையச் சக்கரங்கள் இருக்கும். அவற்றின் தண்டுகளை ஒரு வளைந்த இணைப்பு சேர்க்கும். அந்த இணைப்பை நகர்த்தினால் இயந்திரத்தின் திசை மாறும். 1:96 அளவில் இதைக் காட்ட இடம் போதாது. தனி இயந்திர மாதிரியில் நெம்புகோல் ஒன்றால் எல்லா இணைப்புகளும் ஒருசேர நகரும்படி செய்யலாம்.

மூன்று உந்துவிசிறிகளுக்கும் வேகப் பகிர்வு அடுத்த வேலை. உண்மைக் கப்பலில் டர்பைனுக்கும் பிஸ்டன் இயந்திரத்துக்கும் உள்ள வேக விகிதம் 2.2. மாதிரியில் 50, 25 பற்கள் கொண்ட இணை 2 என்ற விகிதத்தைத் தருகிறது. கண்ணுக்கு இது போதும். இரு பக்க விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும். ஒரே மூலத்திலிருந்து பிரியும் இரு தண்டுகளில் ஒன்றில் மட்டும் கூடுதலாக ஒரு 38 பல் இணையைச் சேர்த்தால் திசை மாறி விடும்.

நடு டர்பைனால் பின்னோக்கிச் சுழல முடியாது. கப்பல் பின்வாங்கும்போது நீராவி டர்பைனுக்குப் போகாமல் நேரே குளிர்கலத்துக்குத் திருப்பப்பட்டது. பக்க விசிறிகள் மட்டும் பின்னோக்கிச் சுழன்றன. மாதிரியில் இதைக் காட்டத் தடுப்புப்பல் சக்கரம் ஒன்று போதும். முன்னோக்கிச் சுழலும்போது அது நடுத் தண்டைப் பிடித்து இழுக்கும். பின்னோக்கிச் சுழலும்போது வழுக்கி விடும். மோட்டாரைத் திருப்பியவுடன் நடு விசிறி தானே நின்று விடும். கப்பலின் இயல்பு ஒன்றைக் கூடுதல் கட்டுப்பாடு எதுவுமின்றிப் பொறியமைப்பே வெளிப்படுத்தும் இத்தகைய தீர்வுகள் நல்ல மாதிரிக்கு அடையாளம்.

பக்க விசிறிகள் மூன்று இறக்கையுடன் 23½ அடி விட்டம் கொண்டவை. 1:96 அளவில் அவை ஏறத்தாழ 7.5 செ.மீ. இயந்திர அறையிலிருந்து விசிறி வரை தண்டு செல்ல வேண்டிய தூரம், பொதுவாகக் கிடைக்கும் 11½ அங்குல அச்சுத்தண்டைவிட நீளமானது. எனவே தண்டுகளை இணைப்பான்களால் நீட்ட வேண்டும். ஒவ்வொரு தாங்கியையும் பூட்டும்போது தண்டு விரலால் தட்டினாலே சுழல்கிறதா என்று பார்ப்பது அவசியம். பத்து இடங்களில் இலேசாக உரசினால் அந்த உரசல்கள் சேர்ந்து மோட்டாரையே நிறுத்தி விடும்.

சுக்கானும் தளக் கருவிகளும்

டைட்டானிக்கின் சுக்கான் 78 அடி 8 அங்குல உயரமும் 101 டன் எடையும் கொண்டது. மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் நீர்ம அழுத்தக் குழாய் வழியே கட்டளை பின்முனைக்குச் சென்று, அங்கிருந்த நீராவி இயந்திரம் பற்கள் கொண்ட கால்வட்டத்தை நகர்த்தியது. மாதிரியில் இதற்குப் புரிச்சக்கரம் ஏற்றது. புரிச்சக்கரம் பற்சக்கரத்தைச் சுழற்றும். பற்சக்கரத்தால் புரிச்சக்கரத்தைச் சுழற்ற முடியாது. எனவே சுக்கான் திருப்பிய இடத்திலேயே நிற்கும். நங்கூரச் சங்கிலியை இழுக்கும் உருளைக்கும் இதே தீர்வு பொருந்தும். மோட்டார் நின்றாலும் நங்கூரம் வழுக்கி விழாது. கப்பலில் இருந்த மூன்று நங்கூரங்களில் நடுவில் இருந்ததே பெரியது. நெதர்டன் ஊரின் நோவா ஹிங்லி நிறுவனம் செய்த அதன் எடை 15 டன்னுக்கு மேல்.

தளத்தில் எட்டு மின் பாரந்தூக்கிகள் இருந்தன. மெக்கானோ பாரந்தூக்கிகளுக்கே பெயர் பெற்றது என்பதால் இவற்றைச் செய்வது எளிது. முதல் வகுப்புக்கு மூன்றும் இரண்டாம் வகுப்புக்கு ஒன்றுமாக இருந்த மின்தூக்கிகளைச் சங்கிலியால் இயக்கலாம். உயிர்காப்புப் படகுகளை வெளியே சாய்த்து இறக்கிய வெலின் வகைக் கைகள், பற்கள் கொண்ட கால்வட்டம் பற்பட்டையின் மேல் உருளும் தத்துவத்தில் இயங்கியவை. 16 இணைக் கைகளையும் இயக்குவது அரிது. ஓர் இணையை மட்டும் இயங்க வைத்து மற்றவற்றை நிலையாக விடுவதே நடைமுறை. இருபது படகுகளில் 16 மரத்தாலானவை. நான்கு மடக்குப் படகுகள்.

மாலுமித் தளத்திலிருந்து இயந்திர அறைக்குக் கட்டளை அனுப்பிய தந்திக் கருவியையும் இயங்க வைக்கலாம். மாலுமித் தளத்து நெம்புகோலைச் சங்கிலியால் மோட்டாரின் திசைமாற்றியோடு இணைத்தால், ‘முன்னே’, ‘நில்’, ‘பின்னே’ என்ற கட்டளைகளுக்கு ஏற்ப உந்துவிசிறிகள் இயங்கும்.

மோட்டாரும் வேகக் குறைப்பும்

பழைய மாதிரிகளில் சாவி முடுக்கிய வில்விசை மோட்டாரும், பின்னர் ஈ20ஆர் போன்ற மெக்கானோ மின்மோட்டார்களும் பயன்பட்டன. இன்று பற்சக்கரப் பெட்டியுடன் வரும் 12 வோல்ட் மோட்டார்கள் பரவலாகியுள்ளன. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் மோட்டாரை நான்கு மூன்றுக்கொன்று இணைகளால் குறைத்தால் 81இல் ஒரு பங்காகி, ஏறத்தாழ 37 சுற்று கிடைக்கும். உண்மை வேகத்தில் பாதிதான் இது. ஆனால் பிஸ்டனின் இயக்கத்தைக் கண்ணால் பின்தொடர இந்த வேகமே ஏற்றது. உந்துவிசிறி, நங்கூரம், பாரந்தூக்கி ஆகியவற்றுக்குத் தனித்தனி மோட்டார் வைப்பது பழுது பார்க்க வசதி. ஒரே மோட்டாரிலிருந்து பற்கிளட்சுகளால் ஆற்றலைப் பிரிப்பது பொறியமைப்பில் உயர்ந்தது என்று பல கட்டுநர்கள் கருதுகின்றனர்.

வண்ணமும் தூய்மை விதியும்

மெக்கானோ உறுப்புகள் தொடக்கத்தில் வண்ணமின்றி வந்தன. 1926இல் சிவப்பும் பச்சையும், 1934இல் நீலமும் பொன்னிறமும் அறிமுகமாயின. ஒயிட் ஸ்டார் கப்பல்களின் வண்ணங்கள் வேறு: நீருக்குக் கீழே சிவப்பு, உடல் கறுப்பு, மேற்கட்டுமானம் வெள்ளை, புகைபோக்கி வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, அதன் உச்சி கறுப்பு. உறுப்புகளுக்குக் கப்பலின் வண்ணத்தைப் பூசுவோரும், மெக்கானோவின் வண்ணத்தையே விட்டு வைப்போரும் உண்டு. இதைவிடக் கண்டிப்பான விதி வெட்டுவது பற்றியது. எந்த உறுப்பையும் வெட்டாமல், நிரந்தரமாக மடிக்காமல், புதிதாகத் துளையிடாமல் கட்டுவதையே மரபுவழிக் கட்டுநர்கள் முறையானதாக ஏற்கின்றனர். மாதிரியைப் பிரித்தால் எல்லா உறுப்புகளும் பழையபடி பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பது இதன் அடிப்படை.

கட்டும் ஒழுங்கும் காட்சியும்

ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள மாதிரி வாசலைக் கடக்க வேண்டும், வண்டியில் ஏற வேண்டும். எனவே உடற்கூட்டை மூன்று அல்லது நான்கு துண்டுகளாகக் கட்டி, முக்கிய தடுப்புச்சுவர்களில் நீண்ட போல்ட்டுகளால் இணைக்கும்படி தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். தண்டுகளும் அதே இடங்களில் கழன்று பூட்டும்படி இருக்க வேண்டும். இயந்திரத் தொகுதியை முதலில் தனியே கட்டிப் பல மணி நேரம் ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ப உடற்கூட்டை எழுப்புவதே பாதுகாப்பான வரிசை. உடல் முழுவதும் தகடு போர்த்தியபின் உள்ளே தளர்ந்த ஒரு திருகை இறுக்குவது எளிதல்ல. ஒரு பக்கத் தகடுகளைக் கழற்றக்கூடிய சட்டத்தில் அமைத்தால் பழுது பார்க்கவும் உள்ளமைப்பைக் காட்டவும் ஒருசேர உதவும்.

உண்மை மும்மடி விரிவு இயந்திரங்கள் இன்றும் சில இடங்களில் ஓடுகின்றன. லண்டன் அருகே கெம்ப்டன் பார்க் நீரேற்று நிலையத்தில் 62 அடி உயரமுள்ள இத்தகைய இயந்திரம் பார்வையாளருக்காக இயக்கப்படுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ஜெரெமியா ஓ பிரையன் கப்பலின் இயந்திரமும் ஓடும் நிலையில் இருக்கிறது. 1997இல் வெளிவந்த ‘டைட்டானிக்’ திரைப்படத்தின் இயந்திர அறைக் காட்சிகளுக்கு அதுவே படமாக்கப்பட்டது. பிஸ்டன், கிராங்க், வால்வு ஆகியவற்றின் இயக்க ஒழுங்கை அறிய இவை கட்டுநர்களுக்கு உதவுகின்றன. மெக்கானோ ஆர்வலர்களின் சங்கங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சி அவற்றின் முக்கியக் கூடல்.

ஒத்த அமைப்புகள்

மெக்கானோவைப் போன்ற உலோகக் கட்டுமானப் பெட்டிகள் பல நாடுகளில் உருவாயின. அமெரிக்காவில் ஏ. சி. கில்பர்ட்டின் எரெக்டர் 1913இல் வந்தது. ஜெர்மனியில் மார்க்லின், செக் நாட்டில் மெர்க்கூர், சுவிட்சர்லாந்தில் ஸ்டோக்கிஸ் ஆகியவை அறியப்பட்டவை. இந்தியாவில் மெக்கானிக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் துளைப்பட்டைப் பெட்டிகளும் இவ்வகையே. துளை இடைவெளியும் திருகுப் புரியும் எல்லா அமைப்புகளிலும் ஒன்றல்ல. எனவே கலந்து பயன்படுத்துமுன் அளந்து பார்க்க வேண்டும்.

லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. பிரான்சின் காலே நகரத் தொழிற்சாலையை மூடும் முடிவு 2023இல் அறிவிக்கப்பட்டது. பழைய உறுப்புகளுக்கு மாற்றாகச் சிறு தயாரிப்பாளர்கள் பட்டைகளையும் பற்சக்கரங்களையும் இன்றும் செய்து தருகின்றனர். பிற்காலப் பெட்டிகளில் திருகின் புரி மெட்ரிக் அளவுக்கு மாறியதால் பழைய நட்டு புதிய போல்ட்டுக்குப் பொருந்தாது. துளைகளுக்கு இடையிலான அரை அங்குலம் மட்டும் மாறவில்லை. டைட்டானிக் கட்டப்பட்ட காலத்தில் விற்ற பட்டையையும் இந்த நூற்றாண்டில் செய்த பட்டையையும் ஒரே கப்பல் மாதிரியில் அடுத்தடுத்துப் பூட்ட முடிகிறது.